குழவி நின்றது, உரல் சுழன்றது: கோவைக் கிரைண்டர்ப் பட்டறைகளின் கதை

தமிழர் உணவின் வரலாறு பற்றி நம்மிடையே இப்போது ஓரளவு பேசப்படுகிறது. மிளகாய் எப்போது வந்தது, காப்பி எவ்வாறு நம் வீட்டுக்குள் நுழைந்து விருந்தோம்பலின் இலக்கணத்தையே மாற்றியது, இட்லி யாருடையது என்பன போன்ற கேள்விகள் சிற்றிதழ்ப் பக்கங்களில் இடம்பெறத் தொடங்கி ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ போன்ற நூல்கள் அதற்கொரு வழியையும் திறந்து வைத்தன. ஆயினும் இவ்விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒன்று உண்டு. உணவு பேசப்படுகிற அளவுக்கு அதைச் செய்யும் கருவி பேசப்படுவதில்லை. அக்கருவியைச் செய்தவர்கள் அதனினும் குறைவாகவே பேசப்படுகிறார்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மனிதர்களுக்குக் குடும்பத் தொழில் என்றவுடன் நினைவுக்கு வருவது தோல். ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. ஆட்டுச் சந்தைகளில் தொடங்குகிற தொழில் சங்கிலி ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் போய் முடிகிறது. இங்கே தோல் பதனிடும் குடும்பங்களுக்குப் பெயர் உண்டு. அவர்கள் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ வழக்கின் தீர்ப்பு போலப் பழிக்கும் ஆவணம் உண்டு. புகழோ பழியோ, தோல் தொழிலின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அதே மேற்குத் தொடர்வண்டிப் பாதையில் இன்னும் சில மணி நேரம் பயணித்தால் வரும் கோயம்புத்தூரில் வேறொரு குடும்பத் தொழில் இருக்கிறது. அதன் விளைபொருள் தமிழ்நாட்டின் ஏறத்தாழ எல்லா ஓட்டல்களின் பின்கட்டிலும், பெரும்பாலான வீடுகளின் அடுக்களையிலும் இருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. மாவரைக்கும் கிரைண்டரைத்தான் சொல்கிறேன்.

*

கிரைண்டரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் உரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இட்லியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் கன்னடத்தில் கிடைக்கின்றன. கி.பி. 920ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சிவகோட்யாசாரியரின் ‘வட்டாராதனே’யில் ‘இட்டலிகே’ வருகிறது. ஏறத்தாழ 1025இல் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகார’த்தில் உளுந்தை மோரில் ஊறவைத்து நைய அரைத்துச் செய்யும் முறை சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ‘மானசோல்லாச’த்திலும் அதன் குறிப்பு உண்டு. அந்தப் பழைய இட்லியில் அரிசி இல்லை, அதை நீண்ட நேரம் புளிக்க வைத்த செய்தியும் இல்லை என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா சுட்டிக்காட்டினார். இட்லி எத்தனையோ மாறியிருக்கிறது. மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று: ஊறிய உளுந்தைக் கல்லில் அரைக்க வேண்டும்.

அரைத்தல் என்பது வெறுமனே சிறிதாக்குதல் அன்று. உளுந்தில் உள்ள புரதமும் பசைப் பொருளும் சேர்ந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மெதுவாக, நெடுநேரம், சூடேறாமல் அரைபடும்போது மாவு உப்பி நுரைத்து எழுகிறது. பிறகு அரிசி மாவோடு கலந்து இரவு முழுவதும் வைத்திருக்கையில் லூக்கோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவையும் அந்தப் பசைதான் தாங்கிப் பிடிக்கிறது. இட்லியின் மென்மை இந்தச் சிறைப்பட்ட காற்றில் இருக்கிறது. அதனால்தான் உளுந்தை ஆட்டுவதற்கு அவசரம் ஆகாது. சிறிது சிறிதாக நீர் தெளித்து, பக்கவாட்டில் ஏறும் மாவைக் கையால் உள்ளே தள்ளி, குழவியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இது பெண்களின் வேலை. ஒருத்தி குழவியைச் சுற்ற, இன்னொருத்தி தள்ளிவிட, ஓர் அரை நாள் கழிந்துவிடும்.

இந்த வேலை வீட்டை விட்டு வெளியே வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்நாட்டு நகரங்களில் காப்பி கிளப்புகளும் உடுப்பி ஓட்டல்களும் பெருகின. கே. கிருஷ்ணராவ் சென்னையில் 1938இல் உட்லண்ட்ஸைத் தொடங்கிய காலத்தில் ஓட்டலில் பலகாரம் சாப்பிடுவது நகரத்து வாழ்க்கையின் இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது. ஆலைகள் இருந்த ஊர்களில் இது மேலும் பெருகியது. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவனுக்கு ஐந்து மணிக்கு இட்லி வேண்டும். ஐந்து மணிக்கு இட்லி வேண்டுமென்றால் முந்தைய நாள் மாலைக்குள் மாவு தயாராக வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் படிக்கணக்கில் ஆட்டியது போய், ஓர் ஊருக்கு மூட்டைக்கணக்கில் ஆட்ட வேண்டி வந்தது.

அதைச் செய்தவர்கள் யார்? ஓட்டலின் முன்புறத்தில் கல்லாவில் முதலாளி இருந்தார். அடுப்படியில் சரக்கு மாஸ்டர் இருந்தார். பின்கட்டில், வெளிச்சம் குறைந்த ஈரத் தரையில், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்திருந்தவர்களுக்குப் பட்டம் ஏதும் கிடையாது. ‘மாவாட்டத்தான் லாயக்கு’ என்று இன்றைக்கும் நாம் வசைச் சொல்லாகச் சொல்கிறோமே, அது இந்தப் பின்கட்டுகளிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஓட்டல் தொழிலின் படிநிலையில் கடைசிப் படி அது. இடுப்பும் தோளும் மணிக்கட்டும் தேய்ந்துபோகிற வேலை.

*

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் கோயம்புத்தூரில் தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் தொடங்கப்பட்டது முதல் அவ்வூர் நூற்பாலைகளின் ஊராக வளர்ந்து வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியபின் மின்சாரம் மலிவாகக் கிடைத்தது. ஆலைகள் பெருகின. மழை குறைந்த அந்தக் கரிசல் பூமியில் கிணற்றிலிருந்து நீரிறைக்க மின் பம்புகள் தேவைப்பட்டன. பம்பு வேண்டுமென்றால் வார்ப்படம் வேண்டும், லேத் வேண்டும், மோட்டார் வேண்டும். ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தொடங்கிய பட்டறைகள் மெல்ல மெல்லப் புதிய இயந்திரங்களைச் செய்யத் தொடங்கின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார்தான் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டாராகக் கருதப்படுகிறது. அந்த ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசையால் கோவையில் ஓர் ஓட்டலில் பரிமாறுபவராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஓட்டலும் மோட்டாரும் அந்த ஊரில் ஒரே தெருவில்தான் இருந்தன எனலாம்.

1955ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் முதல் கிரைண்டரைச் செய்தார் என்று அத்தொழிலைச் சேர்ந்தவர்கள் சொல்லி வருகிறார்கள். அதுவே பொதுவாக ஏற்கப்பட்டும் இருக்கிறது. தொடக்கத்தில் அது வீட்டுக்கான பொருள் அன்று. அதன் எடையும் விலையும் ஓட்டல்களுக்கே உரியவை.

அந்த இயந்திரத்தின் உள்ளே நிகழ்ந்த ஒரு தலைகீழ் மாற்றத்தை நாம் அன்றாடம் பார்த்துப் பார்த்து வியக்க மறந்துவிட்டோம். ஆட்டுக்கல்லில் உரல் தரையில் பதிந்து நிற்கும், குழவிதான் சுற்றும். மனிதக் கைக்கு எளிது அதுதான். கையின் அசைவை அப்படியே இயந்திரத்திலும் கொண்டுவர முயன்றிருந்தால், வட்டமாகவும் சற்றே சாய்ந்தும் அமுக்கியும் நெகிழ்ந்தும் சுழல்கிற ஒரு செயற்கைக் கையைச் செய்ய வேண்டியிருந்திருக்கும். அது சிக்கலான காரியம். கிரைண்டரைச் செய்தவர்கள் கையைப் போலச் செய்யவில்லை. உரலைச் சுழலவிட்டார்கள், குழவியை ஒரு கம்பியில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். உரலின் அடியில் ஒரு தண்டு, அதில் ஒரு புல்லி, புல்லிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு பெல்ட். அவ்வளவுதான். உரல் சுழலும்போது அதன் உராய்வில் குழவி தானாகவே உருளும். பக்கங்களில் ஏறும் மாவைத் தள்ளிவிடும் பெண்ணின் கைக்குப் பதிலாக ஒரு மரத்துண்டு, பின்னாளில் ஒரு பிளாஸ்டிக் தகடு. எங்கள் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் சுழலும் பெரிய மர டிரம்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கும் தோலைப் புரட்டும் கை போய்விட்டது. தோலை வைத்திருக்கும் பாத்திரமே சுழல்கிறது.

இன்னொரு விவேகமும் அதில் இருந்தது. மோட்டாரின் வேகத்தைப் பெல்ட்டும் புல்லியும் குறைத்து, உரலை நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுகள் என்ற அளவிலேயே நிறுத்தின. 1963இல் மும்பையில் எஸ். பி. மாத்தூரும் அவர் மனைவியும் தொடங்கிய நிறுவனத்திலிருந்து பின்னர் ‘சுமீத்’ மிக்சி வந்தது. சட்னியையும் மசாலாவையும் அது வென்றுவிட்டது. ஆனால் உளுந்து மாவை வெல்ல முடியவில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய மிக்சியின் பிளேடு உளுந்தை வெட்டுகிறது, சூடாக்குகிறது. கல்லைப் போல நசுக்கிக் காற்றேற்றுவதில்லை. அம்மியை மிக்சி வெளியேற்றியது. ஆட்டுக்கல்லை வெளியேற்ற இன்னொரு கல்லே தேவைப்பட்டது. ஒரு புதிய இயந்திரம் தன்னுள் பழைய கருவியை அப்படியே வைத்துக்கொண்டு வந்தது என்பதுதான் கிரைண்டரின் தனித்தன்மை.

*

இனி அந்தக் குடும்பங்களின் கதைக்கு வருவோம்.

கிரைண்டர் ஒரு நிறுவனத்தின் சொத்தாக நிற்கவில்லை. ஒரு பட்டறையில் பார்த்ததை அடுத்த பட்டறை செய்தது. அதற்குத் தேவையான எல்லாமே கோவையில் தனித்தனியாக ஏற்கெனவே இருந்தன. மோட்டார் சுற்றுபவர் ஒருவர், புல்லி வார்ப்பவர் ஒருவர், தகடு வளைப்பவர் ஒருவர். கல் ஊத்துக்குளி போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து வந்தது. அதைக் குடைந்து கொத்தித் தர அதற்கென்றே கல்தச்சர்கள் இருந்தார்கள். இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்துப் பூட்டி, தன் தெய்வத்தின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ ஒட்டினால் ஒரு கம்பெனி. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அண்ணன் லேத்தில், தம்பி விற்பனையில், வீட்டுப் பெண்கள் பூட்டுவதிலும் சோதித்துப் பார்ப்பதிலும் என்று இயங்கும் இந்த வகைத் தொழில் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. திருப்பூர்ப் பின்னலாடை முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் தங்கள் உடலுழைப்பையே தங்கள் முதல் என்று சொல்லிக்கொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். கிரைண்டர்ப் பட்டறைகளுக்கும் அது பெரிதும் பொருந்தும். நேற்றுவரை இன்னொருவரிடம் கூலிக்குப் பூட்டிக்கொண்டிருந்தவர் இன்று தன் பெயரில் பூட்டுகிறார். 2015 வாக்கில் கோவையில் 700க்கும் மேற்பட்ட கிரைண்டர் உற்பத்தியாளர்கள் இருந்தார்கள் என்பது இப்படித்தான் சாத்தியமாயிற்று.

இதன் பயனைத் தமிழ்நாடு முழுவதும் அனுபவித்தது. ஓர் இயந்திரத்தை எழுநூறு பேர் செய்தால் அதன் விலை கட்டுக்குள் இருக்கும். பழுதானால் சரிசெய்ய எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். பெல்ட் அறுந்தால் சைக்கிள் கடைக்கு அடுத்த கடையிலேயே வாங்கிவிடலாம். சிறு ஊர்களில் கிரைண்டர் முதலில் வந்தது வீட்டுக்கு அன்று, கடைக்கு. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப்போய், கூலி கொடுத்து அரைத்து வரும் மாவரைக்கும் கடைகள் தோன்றின. மாலை நேரங்களில் அங்கே பெண்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் நடுத்தர வீடுகளுக்குள்ளேயே அது வந்தது.

இந்த வரவைப் பாராட்டும்போது அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பழைய வகைக் கிரைண்டரில் கல்லுரலைத் தூக்க முடியாது. மாவைக் கையால்தான் வழித்தெடுக்க வேண்டும். கழுவிய நீரையும் துணியால் ஒற்றித்தான் வெளியேற்ற வேண்டும். சுழலும் கல்லுக்குள் கைவிட்டுத் தள்ளும் பழக்கம் ஆட்டுக்கல்லிலிருந்து அப்படியே தொடர்ந்தது. கை மனிதனுடையதாக இருந்தபோது வலித்தால் நின்றுவிடும், மோட்டார் நிற்காது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ கிரைண்டரில் சிக்கிய செய்தி இன்றும் நாளிதழ்களின் உள்பக்கங்களில் சிறு கட்டமாக வந்துபோகிறது. மாவாட்டியவரின் தோள்வலியை நீக்கிய இயந்திரம், சிலருடைய விரல்களை எடுத்துக்கொண்டது. ஓட்டல் பின்கட்டுகளில் பட்டமில்லாமல் இருந்தவர்களுக்கு இந்த இழப்புக்கும் பெயர் இருக்கவில்லை.

பட்டறைக்காரர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்து வந்த மாற்றங்கள் யாவும் இந்தக் குறைகளிலிருந்தே பிறந்தவை. உரலை அப்படியே சாய்த்து மாவைக் கொட்டும்படியான சாய்க்கும் கிரைண்டர் வந்தது. கழுவும் வேலை பாதியானது. பிறகு மேடைமேல் வைக்கும் டேபிள் டாப் வகை வந்தது. அதில் உரல் என்பதே ஓர் எவர்சில்வர் பாத்திரமாகிவிட்டது. அடியில் ஒரு தட்டையான கல், அதன்மேல் உருளும் இரண்டோ மூன்றோ சிறு கற்கள். பாத்திரத்தை ஒரு பெண் ஒற்றையாளாகத் தூக்கிவிட முடியும். 110 வோல்ட் மோட்டாருடன் அமெரிக்கத் தமிழ் வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்த மாற்றத்தில் தொழிலை இழந்தவர்களும் உண்டு. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று உளியும் சுத்தியலுமாகத் தெருவில் கூவிக்கொண்டு போனவர்களுக்குப் பெரிய கிரைண்டர்க் கல் இருந்தவரை ஓரளவு வேலை இருந்தது. உருளும் சிறு கற்கள் வந்தபின் அந்தக் குரல் தெருக்களில் அரிதாகிவிட்டது.

*

எல்லோருக்கும் சொந்தமான ஒரு பொருளுக்கு ஆபத்து வந்தால் யார் எதிர்கொள்வது? கிரைண்டர்த் தொழிலின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியதே.

முதலில் பெயர் பற்றிய பிரச்சினை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. கோவைக் கிரைண்டர் உற்பத்தியாளர் சங்கத்தினர் அதன்கீழ் விண்ணப்பித்தார்கள். 2005–06இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டு போன்ற பழங்கைவினைகளுக்கு நடுவே மோட்டார் வைத்த ஓர் இயந்திரம் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது வியப்புக்குரியது. கண்டுபிடித்தவர் ஒருவரின் உரிமையாக அல்லாமல் ஓர் ஊரின் உரிமையாக அதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அது நியாயமும்கூட.

ஆனால் பெயரைக் காப்பது வேறு, பிழைப்பைக் காப்பது வேறு. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் ஜெயலலிதா தலைமையிலான அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் கிரைண்டர் நுழைந்தது. இதை ‘இலவசம்’ என்று எள்ளி நகையாடிய கட்டுரைகள் அன்று நிறைய வந்தன. ஆட்டுக்கல்லின் முன் ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் அவற்றை எழுதியவர்கள் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் எத்தகையது என்பதை அளவிட எந்தக் கணக்கும் நம்மிடம் இல்லை. எனினும் சிறு பட்டறைகளின் பக்கமிருந்து பார்த்தால் காட்சி வேறு. அரசு கொள்முதல் என்பது லட்சக்கணக்கில் வழங்கக்கூடியவர்களுக்கானது. மாதம் இருநூறு, முந்நூறு பூட்டுகிற குடும்பத்துக்கு அந்த ஒப்பந்தப் புள்ளி எட்டாது. அதே சமயம் அவர்கள் விற்க நினைத்த வீட்டில் அரசு கொடுத்த கிரைண்டர் ஏற்கெனவே இருக்கும்.

அடுத்தது வரி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது கிரைண்டருக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஆடம்பரப் பொருட்களுக்குரிய படிநிலை அது. எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் கல் வைத்த கிரைண்டருக்கு மட்டும் 12 விழுக்காடாகக் குறைந்தது. 2019 செப்டம்பரில் கூடிய வரி மன்றம் அதை 5 ஆக்கியது. 2022 ஜூலை 18 முதல் மீண்டும் 18 விழுக்காடு. ஒரு கிரைண்டரின் அடக்க விலை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 250 ரூபாயாக இருந்த வரி ஒரே இரவில் 900 ரூபாயாயிற்று. பெரிய நிறுவனங்களுக்கு இது கணக்கில் ஒரு வரி. கடன் வாங்கிக் கல்லும் மோட்டாரும் எடுத்துப் பூட்டுகிற பட்டறைக்கு இது அடுத்த மாதக் கூலி. ஐந்தாண்டுகளில் நான்கு விகிதங்கள். எந்த விகிதத்தில் வாங்கி எந்த விகிதத்தில் விற்பது என்பதே அவர்களின் பெருங்கவலையாயிற்று.

மூன்றாவது, பெரிய குடும்ப நிறுவனங்களே கைமாறியது. சமையலறைக் கருவிகளில் தமிழ்நாட்டின் சொந்தப் பெயர்களாக வளர்ந்தவை சில உண்டு. 1978இல் டி. டி. வரதராஜன் தொடங்கிய ‘ப்ரீத்தி’யை 2011இல் பிலிப்ஸ் வாங்கியது. பிலிப்ஸின் வீட்டு உபயோகப் பிரிவு 2021இல் ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போய், இப்போது வெர்சுனி என்ற பெயரில் இயங்குகிறது. வி. முருகேச செட்டியாரின் குடும்பத்தார் வளர்த்த ‘பட்டர்ஃபிளை’யின் 55 விழுக்காட்டுப் பங்குகளை 2022இல் குராம்ப்டன் கிரீவ்ஸ் கன்ஸ்யூமர் நிறுவனம் ஏறத்தாழ 1,380 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டி வளர்த்தவர்களுக்கு விற்கவும் உரிமை உண்டு. நான் சுட்ட விரும்புவது இதைத்தான்: பெரிய குடும்பங்களின் உழைப்பு பங்குச் சந்தையில் ஒரு விலையாக எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்கு ஆண்டறிக்கைகள் உண்டு, கைமாற்ற ஆவணங்கள் உண்டு. நாளை ஒருவர் வரலாறு எழுத வந்தால் அவருக்குத் தாள்கள் கிடைக்கும். எழுநூறு பட்டறைகளின் உழைப்புக்கு அப்படியொரு விலையும் எழுதப்படவில்லை, தாளும் சேரவில்லை. அவர்கள் விட்டுச்செல்வது, பெயர்த் தகடு தேய்ந்துபோன, ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரங்களை மட்டுமே.

*

இப்போது மாவு மறுபடியும் வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. 2005இல் பெங்களூரில் பி. சி. முஸ்தபாவும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்களும் ஒரு சிறிய அறையில் கிரைண்டர் வைத்து, நாளொன்றுக்குச் சில பாக்கெட்டுகள் என்று மாவு விற்கத் தொடங்கினார்கள். இன்று ‘ஐடி ஃப்ரெஷ்’ என்ற அந்த நிறுவனம் வெளிநாடுகளிலும் மாவு விற்கிறது. அதே காரியத்தைப் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் செய்கிறார்கள். கணவனை இழந்த பெண்ணோ, ஆலை வேலை போன ஒருவரோ, ஒரு பெரிய சாய்க்கும் கிரைண்டரைத் தவணையில் வாங்கி வாசலில் ‘இட்லி மாவு கிடைக்கும்’ என்று எழுதி வைத்தால் பிழைப்புக்கு வழி பிறந்துவிடுகிறது. ஓட்டலில் பிறந்து, கூலிக் கடைக்கு வந்து, வீட்டுக்குள் நுழைந்த கிரைண்டர், எழுபது ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் தொழிற்கருவியாகிவிட்டது. மேடைமேல் வைக்கும் சிறிய கிரைண்டர்கள் பல வீடுகளில் பரணேறிவிட்டன. கோவைப் பட்டறைகள் இப்போது மறுபடி பெரிய கிரைண்டர்களை நம்பத் தொடங்கியிருக்கின்றன.

சுழற்சிகளை வரலாறு என்று மயங்க வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மாவாட்டுகிற வேலை எங்கே போனாலும் அதைக் கடைசிப் படியில் இருப்பவர்களே சுமந்தார்கள். அவர்களுடைய சுமையைக் குறைத்தவர்களும் அவர்களுக்கு வெகு தூரத்தில் இருந்தவர்கள் அல்லர். அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்த தாயைப் பார்த்து வளர்ந்த பட்டறைக்காரர்கள். கையைப் போல் ஒரு இயந்திரத்தைச் செய்யாமல், உரலைச் சுழலவிட்ட அந்த எளிய யோசனை ஆட்டுக்கல்லை அறிந்தவர்களுக்கே தோன்றியிருக்க முடியும்.

தோலுக்குப் பெயர் பெற்ற எங்கள் பகுதியில் குடும்பத் தொழில்களின் வரலாற்றைத் திரட்டும் முயற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. கோவையிலும் அது நடக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டறைக்காரர்களோடு வேலை செய்தவர்கள் முதுமையின் விளிம்பில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கல்லைத் தேர்ந்தார்கள், எந்த ஓட்டலுக்கு முதலில் விற்றார்கள், எந்த விபத்துக்குப் பின் எந்த மாற்றத்தைச் செய்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலைப் பொழுதுகளும் போதும். பல்கலைக்கழகங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோவைப் பக்கம் இருக்கும் வாசகர்கள் யாரேனும் தொடங்கலாம். இட்லி யாருடையது என்ற வழக்கை நாம் இன்னும் நூறாண்டு நடத்திக்கொள்ளலாம். அதற்கான மாவை அரைத்துக் கொடுத்தவர்கள் அதுவரை இருக்கமாட்டார்கள்.